பத்து நிமிஷ வேலை

ஜூன் 9, ஞாயிறு

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கால்சியம் மாத்திரை விளம்பரம். ஐந்து மாதமாகக் காபி டம்ளர் வைக்கத்தான் பயன்பட்டது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எழுதித்தான் தொலைக்க வேண்டும்.

பொள்ளாச்சியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். நான் காரில் போனேன். என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி பஸ்ஸில் வந்தார். ஒரே வீட்டிலிருந்து, ஒரே கல்யாணத்துக்கு, ஒரே காலையில். மண்டபத்து வாசலில் அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தி, “ஏங்கண்ணு, ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் மனஸ்தாபமா?” என்று கேட்டே விட்டாள். பின்னால் நான்கு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

பஸ் என்றால் ஜன்னல் காற்று வருமாம். அதுதான் அவர் சொல்லும் காரணம். ஐம்பத்தாறு வயதில் ஜன்னல் காற்று.

இந்த மூன்று மாதத்தில் இது ஐந்தாவது தடவை. பழனிக்கு ரயில், ஈரோட்டுக்கு ரயில், அவிநாசிக்குக்கூட டவுன் பஸ். என் காரில் என் பக்கத்தில் உட்கார அவருக்கு மனசில்லை. முப்பது வருடம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவரிடம் ஏன் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. என்ன பதில் வருமோ என்று பயமாக இருக்கிறது.

கார் நல்ல கார். நீலம், தாழ்வு, மிதித்தால் முதுகைப் பிடித்து சீட்டோடு அழுத்தும். மகள் சிந்துஜா அதற்குப் பந்தய மாட்டு வண்டியின் பெயரை, ‘ரேக்ளா’ என்று வைத்திருக்கிறாள். லேடி டாக்டர் என்றால் வெள்ளை நிறச் சின்னக் கார்தான் ஓட்டுவார் என்று நினைக்கிறவர்கள் சிக்னலில் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். ஆனால் மூன்று வருடம் முன்பு இதை வாங்கியது அதற்காக இல்லை. ஷோரூம்காரர் வேகம், குதிரை சக்தி என்று அளந்துகொண்டிருந்தார். நான் டயரைப் பற்றி மட்டும் கேட்டேன். ரன்-ஃப்ளாட் டயர். ஆணி குத்திக் காற்று மொத்தமும் போனாலும் எண்பது கிலோமீட்டர் ஓடும். ரோட்டில் நிறுத்த வேண்டாம், இறங்க வேண்டாம். அதனால் இந்தக் காரில் ஸ்டெப்னியே கிடையாது. அன்றே கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 12, புதன்

என் ஸ்கேன் சென்டரில் ஏ.சி. மக்கர். மெஷின் சூடானால் படம் எடுக்க முடியாது. மெக்கானிக் கோபால்சாமி வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “பத்து நிமிஷ வேலைதானுங்க மேடம்” என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. அந்த வார்த்தையை என் முன்னால் சொல்லாதீர்கள், ஒரு மணி நேரம் ஆகும் என்றால் ஒரு மணி நேரம் என்று சொல்லுங்கள் என்று கத்திவிட்டேன். பாவம், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டார்.

உண்மையிலேயே பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போனார். அது வேறு விஷயம்.

ஜூன் 16, ஞாயிறு

அவருக்கு ஷூ வாங்க வேண்டும். பி.டி. மாஸ்டர், வாலிபால் கோச்; ஷூ இல்லாமல் ஆகாது. இன்று விடவில்லை, காரில் ஏற்றிவிட்டேன். வடவள்ளியிலிருந்து ஆர்.எஸ்.புரம் போகிற தூரத்துக்கு ஒன்பது வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் கதவு மேல் இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சீட்டிலிருந்து அரை அடி எழும்பி உட்காருகிறார். நான் இருபதில்தான் போனேன். என் டிரைவிங் மேல் இவ்வளவு பயமா என்று கேட்டேன். சே சே என்றார். முகம் வெளுத்திருந்தது.

திரும்பும்போது நண்பரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி இறங்கிக்கொண்டார். ஷூ டப்பா மட்டும் என்னோடு வந்தது.

ஜூன் 23, ஞாயிறு

சிந்துஜா போன். தேனியில் மாட்டு டாக்டராக இருக்கிறாள். இரண்டு வருடம் ஹாஸ்டலில் இருந்து அலுத்துப்போய் இப்போது தனி வீடு பார்த்துவிட்டாள். ஆகஸ்ட் 25, ஞாயிறு, பத்தரைக்குப் பால் காய்ச்ச வேண்டும். “ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே வண்டில வாங்க. அப்பா ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்னு வந்து நின்னீங்கன்னா வீட்டு ஓனரம்மா ஏதாச்சும் நெனச்சுக்குவாங்க” என்றாள். அவளுக்கும் எட்டிவிட்டது.

அவரிடம் சொன்னேன். முதல் நாளே பஸ்ஸில் போய் அவளுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்றார். பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

ஜூலை 3, புதன்

வெந்நீர்ப் பையைக் காணவில்லை. அலமாரியில்தான் இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

ஒரு வாரமாகக் கட்டிலை விட்டுத் தரையில் பாய் போட்டுப் படுக்கிறார். வெக்கையாம். ஆடி பிறக்கப் போகிறது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலைப் பிய்க்கிறது, கோயம்புத்தூரே போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறது. இவருக்கு வெக்கை.

கட்டிலில் என் பக்கத்தில் படுக்கவும் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூலை 11, வியாழன்

இன்று நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டர். அங்கே படம் மட்டும் எடுப்பார்கள். படித்து ரிப்போர்ட் எழுத டாக்டர் இல்லை. படங்களைக் கம்ப்யூட்டரில் எனக்கு அனுப்புவார்கள், நான் இங்கிருந்து எழுதிக் கொடுப்பேன். இரண்டு வருடமாக நடக்கிறது. வீட்டில் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

இன்று மதியம் மூன்றாவது கேஸ். பெயர் ‘மணி. டி.’ ஆண், வயது 56, முதுகு வலி, பழைய ஆபரேஷன். படத்தைத் திறந்தேன். முதுகெலும்பில் ஆறு ஸ்க்ரூ, இரண்டு கம்பி. வலது பக்கம் அடியிலிருக்கும் ஸ்க்ரூ மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். மூன்று வருடம் முன்பு அதைப் போட்ட சர்ஜன், சாய்ந்துவிட்டது, ஆனால் பிடித்துக்கொள்ளும் என்று என்னிடம்தான் சொன்னார். அந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருப்பேன். முகமே இல்லாமல், பெயரையும் மாற்றிக்கொண்டு, என் வீட்டுக்காரர் என் திரையில் வந்து நின்றார். காலையில், மேட்டுப்பாளையத்தில் ஸ்கூல் மேட்ச் என்று சொல்லிவிட்டுப் போனவர். என் கண்ணில் படக்கூடாதென்று முப்பத்தைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் போய், நேராக என் மடியில் வந்து விழுந்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார், பரிமாறியதோ எனக்கே.

சிரிப்பு வரவில்லை. ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். கோடு இல்லை. எல்லாம் இறுகப் பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ரிப்போர்ட்டை இங்கிலீஷில் டைப் செய்தேன். இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்: “ஆறு ஸ்க்ரூக்களும் உறுதியாக உள்ளன. தளர்வோ முறிவோ இல்லை. முந்தைய படத்திலிருந்து மாற்றம் ஏதும் இல்லை. நோயாளி இந்த ரிப்போர்ட்டைத் தன் மனைவியிடம் காட்டவும்.” அங்கிருந்து ரிசப்ஷன் பெண் போன் செய்து, கடைசி வரி சரிதானா மேடம் என்று கேட்டாள். அதுதான் முக்கியமான வரி என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

சாயங்காலம் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அடியில் டாக்டர் கோகிலவாணி என்ற என் கையெழுத்தைப் பஸ்ஸில்தான் பார்த்தாராம். காரமடையிலிருந்து வீடு வரை வேர்த்ததாம். சமையலறை வாசலில் நின்று அந்தக் காகிதத்தை, ஹோம்வொர்க் எழுதாத பையன் நோட்டை நீட்டுகிற மாதிரி நீட்டினார்.

எத்தனை நாளாக வலி என்று கேட்டேன்.

“பிப்ரவரிலிருந்து. சும்மா இருந்தா ஒண்ணுமில்ல வாணி. உன்ற கார்ல உக்காந்தாத்தான். ஒரு குழி விழுந்தாப் போதும், உள்ள ஆறு ஸ்க்ரூவும் ஆஜர் சொல்லுது. பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்தாக்கூட அப்படி இல்ல.”

ஜன்னல் காற்று, வெக்கை, ஸ்கூல் மேட்ச். எல்லாம் புளுகு. கைப்பிடியைப் பிடித்து எழும்பியது என் டிரைவிங்குக்குப் பயந்து இல்லை. காணாமல் போன வெந்நீர்ப் பை அவர் முதுகில்தான் இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி. ஒரு நாளைக்கு இருபது பேர் முதுகைப் படிக்கிறவள் நான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அடுப்புத் தீயைக் குறைத்துவிட்டுச் சொன்னார்.

“அந்தக் கெட்டி டயர்தான் இடிக்குது, ஆனா அது உனக்குத் தைரியம். அத எப்படிக் கழட்டச் சொல்றது?”

ஜூலை 14, ஞாயிறு

இதை எழுதாமல் மேலே எழுதுவது முறையில்லை.

மூன்று வருடம் முன்பு, பிப்ரவரி மாதம், ஈரோட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பழைய கார். செங்கப்பள்ளி தாண்டியதும் பின் சக்கரம் பஞ்சர், ரோட்டுப் பக்கம் இருந்த சக்கரம். சாயங்காலம் ஆறு மணி. சென்டரில் ஒரு அவசர கேஸ் காத்திருந்தது, நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரம் ஆகும். அவர் இறங்கி ஸ்டெப்னி மாற்றினார். நான் உள்ளேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். ஒரு வேன் உரசிக்கொண்டு போனது. அதன் பக்கக் கண்ணாடி குனிந்திருந்த முதுகில் பட்டது. வேன் நிற்கவில்லை.

அவரை இறங்கச் சொன்னது நான். “பத்து நிமிஷ வேலைதானே, இறங்கி மாத்துங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கிறது.

அதன் பிறகு அவர் குதித்துப் பந்தை அடித்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதுகிறார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை. இனி இவர் ரோட்டில் இறங்கவே கூடாதென்று ஒரு காரை வாங்கினேன். அந்தக் காரே அவர் முதுகை உடைத்துக்கொண்டிருக்கிறது.

ஜூலை 20, சனி

சிவானந்தா காலனியில் பொன்னுரங்கம் டயர் கடை. போனேன். கடையில் கூட்டம். திரும்பிவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

கூட்டம் இல்லை. நான் ஒருத்திதான்.

பொன்னுரங்கம் அறுபது வயதுக்காரர், சட்டைப்பையில் எப்போதும் காற்று பார்க்கும் மீட்டர். என் டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். அமுங்கவில்லை. “பாருங்க அம்மிணி, செவுரு கணக்கா இருக்குதுங்க. காத்தில்லாமயே வண்டியத் தாங்கோணும்னா இப்படித்தான் கெட்டியா இருக்கோணும். தாங்குது, ஆனா குழியில விழற அடிய வாங்கிக்காதுங்க. அப்படியே உள்ள உக்காந்தவங்களுக்குக் குடுத்துரும்” என்றார். மூன்று வருடம் ஓடினால் இன்னும் இறுகிப்போகுமாம், என் டயருக்கு அந்த வயது ஆகிவிட்டது. சாதா டயர் போட்டால் பாதி அடியை டயரே வாங்கிக்கொள்ளும். இரண்டு அது, இரண்டு இது என்று கலந்து போடக்கூடாது, நான்கையும் மாற்ற வேண்டும்.

பஞ்சர் ஆனால் என்று கேட்டேன்.

“ஆனா நிறுத்தித்தான் மாத்தோணும். ஊரு உலகமே அப்படித்தானுங்களே ஓட்டுது?”

ஆடி மாதம் புதுப் பொருள் வாங்கக் கூடாது, ஆவணியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எமகண்டத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவள், அஷ்டமியில் கார் வாங்கியவள். வீட்டில் சொன்னபோது அவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

“நீ எப்ப இருந்து ஆடி பாக்க ஆரம்பிச்ச?” என்றார். கேட்டுவிட்டு மறுபடி பேப்பரைப் படிக்கப் போய்விட்டார், அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காரை ஷெட்டிலேயே விட்டுவிட்டு நானும் டவுன் பஸ்ஸில் சென்டருக்குப் போய்வருகிறேன். ஜன்னல் காற்று நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தேனிக்கு என்னோடு காரில் வருகிறாராம். இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, தலையணை வைத்துக்கொண்டு. சிந்துஜாவிடம் சொல்லியும் விட்டார். நான்கு மணி நேரம், நூறு வேகத்தடை. எனக்காக வலியைத் தாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிற மனிதரிடம் எனக்கு வருவதோ கோபம். நான் என் பயத்தைத் தாங்கிக்கொள்ள மாட்டேன், அவர் வலியைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இது என்ன நியாயம்?

ஆடி முடிய ஐந்து நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. கடை திறக்குமுன் போய் நின்றேன். பொன்னுரங்கம் என்னைப் பார்த்ததும் சிரித்தார். சொன்ன தேதிக்கு வருகிற ஆட்கள் கம்மி என்றார்.

நான்கு டயரும் கழன்றன. கழற்றிய டயர் சுவரில் சாய்த்து வைத்தாலும் வளையாமல் விறைப்பாக நின்றது. புது டயரை அழுத்தினேன், விரல் அமுங்கியது. அவ்வளவு சாது. இதையா நம்பிப் போவது?

ஐந்தாவதாக ஒன்றும் கேட்டேன். என் காரில் ஸ்டெப்னிக்கென்று குழியே கிடையாது. பொன்னுரங்கம் ஒல்லியான ஒரு சக்கரத்தை எடுத்து வந்து டிக்கியில் பெல்ட் போட்டுக் கட்டினார். எண்பதுக்கு மேல் ஓட்டக்கூடாது, பஞ்சர் கடை வரைக்கும் போய்ச் சேரத்தான் அது. டிக்கியில் பாதி போய்விட்டது. போகட்டும்.

அடுத்தது, மாற்றக் கற்றுக்கொடுங்கள் என்றேன். நீங்களா என்றார். நானேதான் என்றேன். ஜாக்கி எங்கே வைப்பது, வண்டி தரையில் இருக்கும்போதே போல்ட்டைத் தளர்த்துவது, மாட்டிய பிறகு எதிரெதிராக முடுக்குவது. இந்தக் காரில் போல்ட் தனியாகக் கழன்று வந்துவிடும்; சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை நேராக வைத்துத்தான் மாட்ட வேண்டும். சேலையில் கிரீஸ். முதல் தடவை ஒரு மணி நேரம், இரண்டாவது தடவை நாற்பது நிமிடம். மூன்றாவது தடவை அவரே போதும் என்றுவிட்டார்.

கிளம்பும்போது நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் மறுபடி இறங்கி, ஸ்டெப்னிக்கு ஒன்று வையுங்கள் என்றேன். உருளாத சக்கரத்துக்கு எதற்குங்க என்றார். அதுதான் உருளவே கூடாது, வையுங்கள் என்றேன். டிக்கியில் ஐந்தாவது பழம் உட்கார்ந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆர்.எஸ்.புரம். அதே ஒன்பது வேகத்தடை. முதலாவதற்குப் பழக்கத்தில் கை கைப்பிடிக்குப் போனது. ஏறி இறங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவதற்குக் கை பாதி வழியில் நின்றது. மூன்றாவதிலிருந்து மடியிலேயே இருந்தது. ஐந்தாவதில், “இன்னொருக்கா அது மேல போ” என்றார். திருப்பிக்கொண்டு வந்து ஏறினேன். சின்னப் பிள்ளைகள் ஊஞ்சல் கேட்கிற மாதிரி.

வண்டி முன்பு மாதிரி கத்தி போல் திரும்புவதில்லை, வளைவில் கொஞ்சம் அசைந்து கொடுக்கிறது. ரேக்ளா இப்போது வில் வண்டி ஆகிவிட்டது. எனக்கு அதில் துளியும் வருத்தம் இல்லை.

வீட்டுக்கு வந்து பாயைச் சுருட்டிப் பரணில் போட்டார். வெக்கை போய்விட்டதாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சிந்துஜா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்காலம். மலை மேல் மேகம் இறங்கியிருக்கிறது. கீழே அப்பாவும் மகளும் எதற்கோ சிரிக்கிறார்கள்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பொள்ளாச்சி, உடுமலை. பெல்ட் இல்லை, தலையணை இல்லை. மடத்துக்குளம் தாண்டியதும், ஏழரை மணி இருக்கும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால், இடது பக்கம். காற்று இறங்குகிறது. ஏழே நாள் ஓடிய டயர். ஐந்து எலுமிச்சம்பழமும் வேஸ்ட்.

பழைய டயராக இருந்தால் பார்த்தும் பார்க்காத மாதிரி பழனி வரை போயிருப்பேன். நிறுத்த மாட்டேன், இப்படியே மெதுவாகப் போய்விடலாம் என்று சொன்னேன் போலிருக்கிறது. அவர் என் கை மேல் கை வைத்தார். அவசரமில்லை, ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, அந்தப் புளியமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்து என்றார். நிறுத்தினேன். ரோட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் இருபது அடி இருந்தது. இடது சக்கரம், ரோட்டுக்கு அந்தப் பக்கம். நல்ல வெளிச்சம்.

நீங்கள் கை வைக்கக் கூடாது, ரோட்டுப் பக்கமும் போகக்கூடாது என்று சொல்லி மரத்தடிக் கல்லில் உட்காரவைத்தேன். சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகினேன். போல்ட்டைத் தளர்த்தினேன். ஜாக்கியை ஏற்றினேன். சக்கரம் கையோடு வந்தது. அதுவரை எல்லாம் சரி. ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டப் போனால் ஓட்டைக்கு ஓட்டை சேரவில்லை. மூன்று முறை கீழே வைத்தேன். கல்லில் உட்கார்ந்தபடி கோச் ஆரம்பித்துவிட்டார். முழங்காலை மடக்கு, பாதத்து மேல சக்கரத்த வெச்சுத் தூக்கு, கையால தூக்காத. கேட்டேன். சேர்ந்துவிட்டது.

முதல் போல்ட்டை விரலால் திருகிக்கொண்டிருந்தபோதுதான் வாயை விட்டு வந்தது. திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். அன்றைக்கு உங்களை இறங்கச் சொல்லியிருக்கக் கூடாது, பத்து நிமிஷ வேலை என்று நான்தானே சொன்னேன் என்றேன்.

திரும்பினேன். முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அதச் சொன்னது நானு” என்றார். “நீ போன்ல இருந்த. மெக்கானிக்கக் கூப்பிடலாம்னு சைகை காட்டின. பத்து நிமிஷ வேலைக்கு மெக்கானிக் எதுக்குன்னு நாந்தான் இறங்கினேன். இத்தன நாளா நீ சொன்னதாவா நெனச்சுட்டிருந்த?”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பட்டுச்சேலை, மண், ஒன்றும் தோன்றவில்லை. மூன்று வருடம், என் குரலே எனக்குக் கேட்டதே. அது அவர் குரலா? அல்லது எனக்காக இப்போது மாற்றிச் சொல்கிறாரா? இவர் வார்த்தையை எப்படி நம்புவது? ஜன்னல் காற்று என்றும் வெக்கை என்றும் மாதக்கணக்கில் முகம் மாறாமல் புளுகிய ஆள்.

சத்தியமா என்று கேட்டேன். சத்தியமா என்றார். முகத்தை உற்றுப் பார்த்தேன். எலும்பு என்றால் எனக்குப் படிக்கத் தெரியும். முகம் அவ்வளவாக வராது. நம்பிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிவிட்டது, பொய்யோ நிஜமோ.

அப்போது சிந்துஜா போன். அவர்தான் எடுத்தார். எங்கே இருக்கிறீர்கள், நேரம் ஆகிறது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பஞ்சரு கண்ணு. பயப்படாத. உங்கம்மாதான் மாத்திட்டிருக்கா. பத்து நிமிஷ வேலை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. கிரீஸ் கையோடு துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பு. ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது.

பழனியில் பஞ்சர் ஒட்டி, சக்கரத்தை மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒன்பதரை. நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. நான் மிதிக்கவில்லை. பழனி தாண்டியதும் அவர் தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு, வத்தலக்குண்டு வரை. ரோடு மோசம். ஒரு இடத்தில் குழி தெரியாமல் இறக்கிவிட்டேன், திக்கென்றது. குறட்டை நிற்கவில்லை.

தேனி சேரும்போது பன்னிரண்டேகால். பால் பொங்கி, வந்தவர்கள் குடித்து, டம்ளர் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. எங்களுக்கென்று இரண்டு டம்ளர் எடுத்துவைத்திருந்தாள். ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. வீட்டு ஓனரம்மா என் கன்னத்தையும் சேலையையும் பார்த்துவிட்டு, வழியில் ஏதாவது ஆச்சா என்று விசாரித்தார். ஒன்றுமில்லை, சேர்ந்து வந்தோம் என்றேன்.

ஆகஸ்ட் 28, புதன்

சென்டரில் மறுபடி ஏ.சி. மக்கர். கோபால்சாமி வாசலிலேயே தயங்கி நின்றார். பெட்டியைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆகும் என்று நானே கேட்டேன்.

“அது வந்துங்க மேடம்… பத்து நிமிஷ வேலை.”

சரி, நிதானமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவருக்கு ஒரு காபி சொன்னேன்.